மேலே டியூனர், கீழே இன்டர்நெட் ரேடியோ

என் டியூனரை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது பழைய எஃப்.எம். டியூனர், ரேடியோ நிலையம் பிடிக்கிற பெட்டி. ஆறு கிலோ கனம். முகப்பு முழுக்க அலுமினியம். குமிழைச் சுண்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். நிலையம் சரியாகப் பிடித்ததும் ஒரு பச்சை விளக்கு எரியும். மாட்டுங்காவில் வீட்டைக் காலி செய்த ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், என்னிடம் தோல் பை தைக்கக் கொடுக்கிற பழக்கத்தில், "எடுத்துண்டு போறேளா, நம்பிராஜன்?" என்று கேட்டார். அவர் மனசு மாறுவதற்குள் தூக்கிக்கொண்டு டாக்சி பிடித்துவிட்டேன்.

தாராவியில் எங்கள் வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. நடுவில் செங்குத்தான இரும்பு ஏணி. மேலறையில் டியூனரை வைத்து ஆம்ப்ளிஃபையரும் இரண்டு ஸ்பீக்கரும் மாட்டினேன். கீழறையில் என் வீட்டுக்காரி பேராச்சியின் இன்டர்நெட் ரேடியோ. நவி மும்பையில் நெருளில் இருக்கும் அவள் தம்பி தீபாவளிக்குக் கொடுத்தது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஆனால் அது வந்த நாளிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"ஒங்க டப்பா மும்பையத் தாண்டுமா? எம் பொட்டி திருநவேலிக்கே போவும், பாத்துக்கிடுங்க."

உண்மைதான். பொய் சொல்வானேன்? காலையில் திருநெல்வேலி, மத்தியானம் கொழும்பு, சாயங்காலம் சிங்கப்பூர் என்று அந்தச் சின்னப் பெட்டி உலகத்தையே சுற்றும். இரைச்சல் என்ற பேச்சே கிடையாது. ஆனால் தவில் கேட்க வேண்டுமானால் என் டியூனரில் கேட்க வேண்டும். தோலில் விரல் படுகிறது தெரியும். அவள் பெட்டியில் அதே தவில் ஈரத்துணியைப் போர்த்தி அடித்த மாதிரி இருக்கும். இதைச் சொன்னால் இரண்டு நாளைக்கு எனக்கு டீயில் சர்க்கரை இருக்காது.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் எங்கள் மகள் இசக்கிசெல்வி ரேடியோவில் பேசப்போகிறேன் என்று வந்து நின்றாள்.

செம்பூரில் அவள் படிக்கிற கல்லூரியில் ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் தமிழ் நிகழ்ச்சி. இந்த வாரம் பரீட்சை மாதிரி ஒருமுறை, நேரடியாக. சரியாக வந்தால் இனி வாராவாரம் அவளுக்கே.

அவளுக்குப் பேச்சு திக்கும். சின்ன வயசிலிருந்தே. மற்ற வார்த்தையெல்லாம் எப்படியாவது தாண்டிவிடுவாள். சொந்தப் பெயர்தான் வராது. பள்ளிக்கூடத்தில் எழுந்து பெயர் சொல்லச் சொன்னபோது சிரித்தவர்களை எண்ணி முடியாது.

"ஏட்டி, வேற ஆளு கெடைக்கலியா அவங்களுக்கு?" என்றேன்.

"நானாதாம்ப்பா பேர் கொடுத்தேன்," என்றாள்.

அதற்கு மேல் என்ன பேச? வெள்ளிக்கிழமை முழுக்க ஆன்டெனாவைச் செம்பூர் பக்கம் திருப்பினேன். சின்ன நிலையம், பவர் குறைவு. தகரக் கூரைமேல் வேகாத வெயிலில் நின்று அரை விரல் திருப்புவது, இறங்கி வந்து விளக்கைப் பார்ப்பது, மறுபடி ஏறுவது. கடைசியில் பச்சை விளக்கு எரிந்தபோது நானே கை தட்டிக்கொண்டேன். பேராச்சி கீழே பொத்தானை இரண்டு தரம் அழுத்தினாள். அவளுக்கும் வந்துவிட்டது. ஒரே வித்தியாசம், மேலே கேட்ட பாட்டு நாற்பது விநாடி கழித்துத்தான் கீழே கேட்டது. இன்டர்நெட்டில் சுற்றி வர அவ்வளவு நேரமாம்.

"ஒனக்கு எல்லாம் ஆறின பண்டந்தான்," என்று கிண்டல் செய்தேன். "சூடா வேணும்னா மேல வா."

"நீங்களே வாயச் சுட்டுக்கிடுங்க," என்றாள்.

சனிக்கிழமை ஒன்பதே முக்காலுக்குக் கீழறை நிறைந்துவிட்டது. எதிர்வீட்டு சைனப் தன் மருமகளோடு வந்திருந்தாள். சந்திலிருந்து இன்னும் ஆறேழு பெண்கள். பேராச்சி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ரேடியோ கேட்க யாராவது பட்டு கட்டுவார்களா? மேலே போய் டியூனர் முன்னால் உட்கார்ந்தேன். தனியாகக் கேட்டால் போதும் என்று இருந்தது.

பத்து மணி. நிலையத்தின் தொடக்க இசை முடிந்தது. பிறகு என் மகள்.

"வணக்கம். ஒங்ககிட்ட பேசுறது..."

நின்றுவிட்டது.

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சிக்னல் காட்டும் முள் அசையவில்லை. ஆன்டெனாமேல் பழி போட வழியே இல்லை, அவ்வளவு நல்ல டியூனர். அவள் உதடு ஒட்டிக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது. கீழே பேராச்சியின் பெட்டியில் இன்னும் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு இது போய்ச் சேர நாற்பது விநாடி. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஊரையே கூட்டி உட்கார்ந்திருக்கிறாளே!

எப்படி இறங்கினேனோ தெரியாது. ஏணியடியில், சுவரில் வைஃபை பெட்டி. யாரும் பார்க்காமல் அதன் பிளக்கைப் பிடுங்கினேன். ரேடியோ உடனே நிற்கவில்லை, படுபாவி. ஏற்கெனவே வந்து சேர்ந்ததை இன்னும் ஏழெட்டு விநாடி பாடியது. தொடக்க இசையின் பாதியில் நின்றது.

"நெட்டு போயிட்டு!" என்றேன், எல்லோருக்கும் முந்தி.

"அய்யோ, இப்பமா போவணும்?" என்று பேராச்சி பெட்டியைத் தட்டினாள். பெண்கள் ஆளுக்கொன்றாகச் சத்தம் போட்டார்கள். பிறகு சைனப் கையை உயர்த்தினாள்.

"இருங்கடி. மேல என்னமோ கேக்குல்லா?"

அறை அடங்கியது. ஏணி வழியாக என் டியூனரின் குரல் தெளிவாக இறங்கி வந்தது.

"...எம் பேரு வர கொஞ்சம் நேரமாவும். நமக்கு ஒண்ணும் அவசரமில்ல. இ... இ... இசக்கிசெல்வி. நான் இசக்கிசெல்வி."

பேராச்சி என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பிளக் அதில்தான் இருந்தது.

புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். எல்லோருக்கும் கடைசியில் நான், என் வீட்டில் நானே திருடன் மாதிரி.

என்ன பேச்சு பேசினாள் தெரியுமா? திலக் நகரில் ஆட்டோ ஓட்டும் ஒரு பெண்ணைப் பேட்டி எடுத்தாள். இன்னும் மூன்று இடத்தில் திக்கியது. ஒவ்வொரு தடவையும் நின்றாள், மூச்சு எடுத்தாள், அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள். சுலபமான வேறு வார்த்தைக்கு ஓடவில்லை. அவள் மூச்சு இழுப்பதுகூட என் ஸ்பீக்கரில் கேட்டது. அந்த ஆட்டோக்காரப் பெண் கடைசியில், "ஒன்ன மாதிரி பொறுமையா எங்கிட்ட யாரும் கேட்டதில்லம்மா," என்றாள். சைனப் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் தாரையாக வழிந்தது. பெற்ற பிள்ளையை ஒருவன் இப்படி அண்ணாந்து பார்ப்பான் என்று நான் நினைத்ததில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் பெண்கள் கைதட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். பேராச்சி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"எம் புள்ள மொத மொதல்ல வணக்கம் சொன்னதை நான் கேக்கலியே," என்றாள். "ஒங்க காதுல மட்டுந்தான விழுந்துது."

திட்டியிருந்தால் பரவாயில்லை.

போன் அடித்தது. இசக்கிசெல்விதான். பேராச்சி ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள். நெட் போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். பேராச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கேட்டீங்களா? ரேடியோ மேடம் பக்கான்னுட்டாங்க, இனி வாராவாரம் எனக்குத்தான்! பேரு வராம நின்னேன்ல, அப்ப மைக்கை ஆஃப் பண்ணிரலாம்னு சுவிட்ச் வரைக்கும் கைய கொண்டுபோயிட்டேன்ப்பா. சச்சி, நெசமாத்தான். அப்பறந்தான் தோணிச்சு. அப்பா மேல டியூனர் முன்னால உக்காந்திருப்பாங்க, ஆஃப் பண்ணா அவங்களுக்கு ஒண்ணுமே கேக்காதேன்னு. அதான் கைய எடுத்துட்டேன்."

சொல்லாமல் மழுப்பியிருக்கலாம். முடியவில்லை.

"அப்போ நான் மேல இல்லட்டி," என்றேன். "அம்மாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு நெட்டுப் பிளக்கைப் புடுங்க கீழ ஓடிட்டேன். பயந்துட்டேன் தாயி."

போனைக் காதருகே பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சரிப்பா," என்றாள் கடைசியில். "அடுத்த சனிக்கிழமை எந்திரிக்காம இருங்க."