படிக்கக் கொடுத்த மென்பொருள்

ஆயர் ஈத்தாமில் இருக்கும் அந்த மண்பாண்டத் தொழிற்சாலையில், காலை ஒன்பது மணிக்குப் புதுச் சூளையின் கணினியை முடுக்கினார்கள். வெப்ப அளவு வரவேண்டிய திரையில் சிவப்பாக ஒரு வரிதான் வந்தது: ‘மாணவர் பதிப்பு. கற்பதற்கு மட்டும். உரிமம்: லோஷினி விஜயன்.’

லோஷினி தன் பெயரைத் திரையில் பார்த்தாள். குளுவாங்கில் ஒரு கணினிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். சூளையை இயக்கும் நிரலை எழுதியவள் அவள்தான். ஆனால் கல்லூரி கொடுத்த இலவச மென்பொருளில் எழுதச் சொன்னவர், இதோ பக்கத்தில் வியர்த்து வழிய நிற்கிறாரே, அந்தக் கம்பெனி முதலாளி ஜெயபாலன், அவர்தான்!

“கம்பெனி வேலைக்கு புரொஃபஷனல் எடிஷன் வாங்கணுமே சார்” என்று அவள் அன்றே சொன்னாள். “ரெண்டும் ஒண்ணுதான் லா! அதே பட்டன், அதே மெனு” என்று சிரித்தார். பட்டன்கள் ஒன்றுதான். ஒன்று படிக்க, மற்றது தொழில் செய்ய என்று உரிமத்தில் எழுதியிருக்கிறதே, அது வேறல்லவா? அவளுக்கும் தெரியும். தமிழர் சங்கக் கூட்டத்தில் ‘நம் பிள்ளைகள் முன்னேற வேண்டும்’ என்று மைக்கைப் பிடித்து முழங்குகிறவர் நம்மைக் கைவிடவா போகிறார் என்று நம்பி வாயை மூடிக்கொண்டாள்.

தொழிற்சாலை மேலாளர் சதாசிவம் முகம் சுளித்தார். “என்ன ஜெயபாலன் இது?”

“அலமாக்! எனக்கு ஒண்ணுமே தெரியாது சார். இந்தப் பொண்ணு என்னைக் கேக்காம செஞ்சிருச்சு. இப்பவே மன்னிப்பு லெட்டர் எழுதி சைன் பண்ணும்.”

அடப்பாவி! பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கையெழுத்துப் போட்டால் காலத்துக்கும் திருடி என்ற பெயர். போடாவிட்டால் வேலை காலி.

ஜெயபாலன் குனிந்து கிசுகிசுத்தார். “போட்டுரும்மா. நம்ம ஆளை நம்மளே விட்டுக் கொடுக்கலாமா?”

அந்த ‘நம்ம ஆளு’தான் அவளுக்குப் பற்றி எரிந்தது. கைபேசியை எடுத்து, அவர் அனுப்பியிருந்த குரல் செய்தியைச் சத்தமாக ஓடவிட்டாள். ‘உன் காலேஜ் காப்பியிலயே செய் லா. எவனுக்குத் தெரியப் போகுது?’

சதாசிவம் ஜெயபாலன் பக்கம் திரும்பினார். “சரியான எடிஷன் வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் சூளையைத் தொடக்கூடாது” என்று கறாராகச் சொன்னார்.

“தெரிஞ்சும் தலையாட்டுனது என் தப்பு சார். அதுக்கு மன்னிச்சிருங்க” என்று லோஷினி அவரிடம் சொன்னாள். பிறகு கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஜெயபாலன் பக்கம் திரும்பினாள்.

“படிக்கக் கொடுத்ததை வச்சு யாவாரம் பண்ணுனா அது திருட்டு. மாட்டிக்கிட்டதும் வேலைக்கு வந்த பிள்ளை தலையில கட்டுறது அதை விடக் கேவலம். இனிமே மேடையில எங்களைத் தூக்கிவிடுறேன்னு பேசாதீங்க சார். எங்க தலையில ஏறி நிக்காம இருந்தாலே போதும்!”