கிம்புலா பணிஸ்

என் தங்கச்சி டில்ஷானிக்குப் பேச்சு வராது. படத்தைத் தொட்டால் பேசுகிற டெப் ஒன்று வைத்திருக்கிறாள். அதில் முதலில் இருந்த குரல் செய்தி வாசிக்கிற மாதிரி இருந்ததால் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் போகிற பேச்சுப் பயிற்சி நிலையத்து மிஸ் சொன்னபடி நான் என் குரலைப் பதிந்து கொடுத்தேன், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு. வீட்டுக்குத் தமிழில் ஒரு பக்கம், கடைக்குச் சிங்களத்தில் ஒரு பக்கம்.

அவளுக்கு ஒழுங்கை முனையிலுள்ள பேக்கரிக்குத் தனியாகப் போக ஆசை. கேட்கத் தெரியாத பிள்ளையை யாரும் ஏமாற்றுவார்கள் என்று அம்மா விடவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை சம்மதித்தார். டெப்பில் கேட்டுத்தான் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க வேண்டும், சரிவராவிட்டால் இனிக் கடைப் பேச்சே எடுக்கக் கூடாது என்றார்.

நான் எதிர்ப்பக்கம் தம்பிலி இளநீர் வண்டிக்குப் பின்னால் நின்றேன்.

பேக்கரிக்காரச் சிங்கள அண்ணன் றொஹான் அய்யே நல்ல மனுசன். எந்த வீட்டுக்கு என்ன பாண் என்று அவருக்குத் தெரியும். நான் போனால் வாயே திறக்க வேண்டியதில்லை, ரோஸ்ட் பாண் பையில் வந்துவிடும். எனக்கு அது பெரிய வசதி. அன்றைக்கு அதுவே இடைஞ்சலாக வரும் என்று நான் யோசிக்கவில்லை.

டில்ஷானி படியேறியதுமே அவர் பாணைச் சுற்றி நீட்டிவிட்டார். அவள் விரல் அப்போதுதான் திரைக்கு வந்திருந்தது. ஓடிப்போய் அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் வண்டிக்குப் பின்னாலேயே நின்றேன்.

அவள் பையை வாங்கவில்லை. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் வாங்கிக்கொண்டு போகச் சொன்னார். அவள் தலையைக் குனிந்து திரையை அழுத்தினாள்.

"எப்பா."

வேண்டாம் என்று என் குரல் சிங்களத்தில் தெருவரைக்கும் கேட்டது. சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் மரியாதையாகப் பதிந்திருக்கலாம்.

றொஹான் அய்யே பாணைக் கீழே வைத்தார். தங்கச்சி முறை வைத்து, அப்படியென்றால் என்ன வேண்டும் நங்கி என்று கேட்டார். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவள் படங்களை மெதுவாகத் தள்ளித் தள்ளித் தேடினாள். ஆட்டோக்காரர் முணுமுணுக்க, தம்பி முறையில் பொறு மல்லி என்று அவர் கையைக் காட்டினார்.

மூன்று கிம்புலா பணிஸ் கேட்டாள். முதலை மாதிரி நீளமாக, மேலே சீனி ஒட்டியிருக்குமே, அது.

அவர் சிரித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "பாண் இல்லாம போனா அம்மா ஏசும், நங்கி."

டில்ஷானி தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாள். "பரவாயில்லை."

ஆட்டோக்காரரும் சிரித்துவிட்டார்.

வீட்டில் அம்மா பையைத் திறந்து பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் மூன்று பணிஸையும் எடுத்துத் தட்டில் வைத்தார்.

"அப்ப பாண் எங்க?"

டில்ஷானி டெப்பை மடியில் வைத்து ஒரு படத்தைத் தொட்டாள். "நாளைக்கு."

அம்மா தன் பணிஸில் ஒரு கடி கடித்தார். சீனி அவர் சட்டையில் கொட்டியது.

"ஓம், சரி. ஞாயிற்றுப் பூசை முடிய நீயே போய்க் கேளு. பாணையும் மறக்காத."