சுவரை ஒட்டி நின்ற கார்

வழி தவறி வந்தவன் இவ்வளவு மெதுவாகப் போகமாட்டான். வழி தவறியவன் வீட்டு எண்களைத்தான் பார்ப்பான். இவன் வீட்டைப் பார்க்கவில்லை. எதையோ பார்த்துவிட்டு, அது அதுதானா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளத் திரும்ப வந்திருக்கிறான்.

ஒஃபீலியா சன்னல் தட்டியை விரலால் விலக்கிப் பிடித்தபடி நின்றாள். வெள்ளை பிக்கப் வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. அது கிளப்பிய புழுதி வெயிலில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் வானவில் கொடி அசையாமல் துவண்டிருந்தது. அரிசோனாவின் டூசான் வெயிலுக்கு எந்தக் கொடியும் ஒரு கோடைக்கு மேல் தாங்குவதில்லை. சிவப்பு ஏற்கெனவே இளஞ்சிவப்பாகியிருந்தது.

அவளும் லோர்னாவும் அந்தப் பழைய மண் வீட்டை விடுதியாக நடத்தி வருகிறார்கள். பெண்களை நேசிக்கும் பெண்கள் வந்து தங்குவார்கள். சிலர் மலையேறிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் ஊர் பிடித்துப்போய் இங்கேயே வீடு தேட ஆரம்பித்துவிடுவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒஃபீலியாவைத் தியா என்பார்கள். அவள் அம்மா வீட்டில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இப்போது தங்கியிருப்பவள் டெஸ்ஸா மட்டும்தான். டெக்சாஸின் லபக் ஊரிலிருந்து ராத்திரியெல்லாம் தனியாகக் கார் ஓட்டி வந்தவள். இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். போன முறை வீட்டை விட்டுப் போனபோது அண்ணன் தேடிப்பிடித்துத் திரும்பக் கூட்டிப்போனானாம். கை ஒடிந்ததற்கு, ஓடுகிற வண்டியிலிருந்து அவளே குதித்துவிட்டாள் என்று வீட்டில் சொல்லிவைத்தார்களாம். அதைச் சொல்லும்போது டெஸ்ஸா சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒஃபீலியாவுக்குப் பிடிக்கவில்லை.

இன்று காலை சாப்பிடும்போது, காதலி வரப்போகிற பூரிப்பில் டெஸ்ஸா கேட்டாள்: "தியா, நாளைக்கு ரென்னா பஸ்ஸுல வந்துடுவா. இங்க நாங்க கையப் புடிச்சிட்டு நடந்தா யாரும் பாக்க மாட்டாங்களா?"

"பாப்பாங்க. பாத்துட்டு அவங்கபாட்டுக்கு ஐஸ்கிரீம் தின்னுட்டுப் போவாங்க" என்றாள் லோர்னா. "ஒனக்கும் ஒண்ணு வாங்கிக்க."

சமையலறையிலிருந்து இப்போதும் லோர்னாவின் குரல்தான் வந்தது. "என்னடி, சன்னல்லயே ஒட்டிக்கிட்ட? தெருவுல அழகி எவளாச்சும் போறாளா?"

"லோர்னா, டெஸ்ஸா கார் எப்படி நிக்குது?"

"நீதான சாவிய வாங்கி நிறுத்தின? நம்ம வழக்கப்படி, பின்பக்கம் செவுத்தோட..."

லோர்னாவின் குரல் பாதியில் நின்றது. கையில் மாவோடு சமையலறை வாசலுக்கு வந்தாள்.

அவர்கள் இளமையில், ரயில் பாதைக்கு அப்பால் அவர்களைப் போன்ற பெண்கள் கூடும் ஒரு மதுக்கூடம் இருந்தது. வெளியே போலீஸ்காரர்கள் காத்திருந்து கார் எண்களைக் குறித்துக்கொள்வார்கள். மறுநாளே வேலை செய்யும் இடத்துக்குச் சேதி போய்விடும். லோர்னாவின் பள்ளிக்கூட வேலை அப்படித்தான் போயிற்று. அரிசோனா கார்களுக்குப் பின்னால் மட்டும்தான் எண் பலகை. அதனால் எல்லோரும் வண்டியைப் பின்னோக்கி எடுத்துச் சுவரை முட்டுகிற மாதிரி நிறுத்துவார்கள். இப்போது இருவரும் ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொண்டவர்கள். சந்தையில் தோளில் கைபோட்டு நடப்பவர்கள். ஆனாலும் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. வருகிறவர்கள் வண்டியையும் அப்படித்தான் நிறுத்திவைப்பார்கள்.

"டெக்சாஸ் வண்டிக்கு முன்னாடியும் நம்பர் இருக்கும்டி" என்றாள் லோர்னா மெதுவாக.

ஆமாம். தெருவைப் பார்த்து, அந்தப் பெண்ணின் எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு கார் நின்றது. மறைக்கிறேன் என்று நினைத்து நானே எடுத்துக் காட்டியிருக்கிறேன் என்று ஒஃபீலியா நினைத்தாள். பயத்தைவிட அவமானம்தான் முதலில் வந்தது. பிறகுதான் பயம்.

"போலீஸக் கூப்புடு. டெஸ்ஸாவ ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கச் சொல்லு."

லோர்னா பேசிவிட்டு வந்தாள். "தெக்க மழ கொட்டுதாம். பாலத்தடியில கார்லாம் முங்கிக் கெடக்காம். நேரமாகும்ங்கிறாங்க."

வானம் தெற்கே கறுத்திருந்தது. சில்வண்டுகள் ஒரேயடியாகக் கத்தி, திடீரென்று அடங்கின. அந்த அமைதியில் வண்டிக் கதவு சாத்தும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஒஃபீலியா இரும்புக் கதவருகே போனாள். கம்பிகளுக்கு அப்பால் நின்றவன் தொப்பியைக் கழற்றினான். நல்ல வளர்த்தி. சிவந்த கழுத்து. கண்கள் டெஸ்ஸாவுடையவைதான்.

"வணக்கம் மேடம். குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

இந்த ஊரில் தண்ணீர் கேட்டவனிடம் யாரும் 'இல்லை' என்று சொல்வதில்லை. அவள் குவளையைக் கம்பிகளுக்கு இடையே நீட்டினாள். பூட்டைத் திறக்கவில்லை. அவன் அதைக் கவனித்துக்கொண்டே நிதானமாகக் குடித்தான்.

"எம் பேரு வேட். அந்தக் கார் எந் தங்கச்சியோடது."

"இங்க யார் தங்கியிருக்காங்கன்னு யாருக்கும் சொல்றதில்ல தம்பி."

"சரிதான். நல்ல வழக்கம்." அவன் புன்னகைத்தான். "எங்கம்மாவுக்கு முடியல மேடம். படுத்த படுக்கையா இருக்காங்க. மகள ஒரு தடவ பாத்தாப் போதும்ங்கிறாங்க."

உண்மையாக இருந்தால்? ஒஃபீலியாவின் நெஞ்சு ஒரு கணம் தளர்ந்தது. இளம் வயதில் இதே வார்த்தைகளை அவளிடமும் ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். நம்பி ஓடினாள். அம்மா அடுப்பருகே நலமாக நின்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் கதவைச் சாத்தியது யார் என்று ஒஃபீலியா திரும்பிப் பார்க்கவில்லை. அன்று அம்மாவும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றுவரை மறக்கவில்லை.

"அவ எதுவும் பேசவேண்டாம். நீங்களும் ஒண்ணும் சொல்லவேண்டாம்" என்றான் வேட், குரலைத் தணித்து. "நீங்களும் உங்க கூட்டாளியும் கடைக்குப் போயிட்டு வாங்க. போறப்ப இந்தக் கேட்டப் பூட்ட மறந்துட்டீங்க. அவ்வளவுதான். வயசான காலத்துல மறதி எல்லாருக்கும் வர்றதுதானே?"

அவன் வீட்டை அண்ணாந்து பார்த்தான்.

"அழகான வீடு. பழைய மண் வீடு. கூரையெல்லாம் மரம் போல. ஒரு பொறி போதும். பாத்து இருக்கணும் மேடம்."

முதல் காற்று வந்தது. கொடி படபடத்தது. காய்ந்த புதர்கள் மழை வாசனையைக் கக்கின. உள்ளே எங்கோ தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் கண்கள் அந்தப் பக்கம் போய் நின்றன.

"என்ன மேடம், கடைக்குப் போறீங்களா?"

ஒஃபீலியா கையை நீட்டிக் காலிக் குவளையை வாங்கிக்கொண்டாள். முற்றத்து நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குவளையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"இல்லப்பா. இன்னிக்கி நா எங்கயும் போகல."

பெருந்துளிகள் விழ ஆரம்பித்தன. அவன் வண்டிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். வண்டி கிளம்பவில்லை. கண்ணாடியில் துடைப்பான்கள் போய்ப்போய் வந்துகொண்டிருந்தன. அவள் நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.