எந்தப் பக்கத்துச் சக்கரம்

அச்சகத்தில் எல்லாரும் அவரைப் போர்மேன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே காதுதான். பெரிய இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மறுகோடியிலிருந்து வேகமாக நடந்து வருவார். "நடு யூனிட்ல உருளை உரசுது, நிறுத்து" என்பார். திறந்து பார்த்தால் உரசிக்கொண்டிருக்கும்.

அந்தக் காதை அதே இயந்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டன. இது அவருக்கு மட்டுமே தெரியும். தொலைக்காட்சியில் பேசுவது புரியாவிட்டால், "இப்ப வர்ற நடிகனுங்க எல்லாம் வாய்க்குள்ளயே முணுமுணுக்கறானுங்க" என்று திட்டுவார். தொலைபேசி வந்தால், "நீயே பேசிடு" என்று மனைவியிடம் நீட்டுவார். யாராவது ஏதாவது கேட்டு, அது காதில் விழாவிட்டால் "ம்ம், பார்க்கலாம்" என்பார். உலகத்தில் பாதிக் கேள்விகளுக்கு அந்தப் பதில் பொருந்திவிடும். மீதிப் பாதிக்கு, இந்த மனுஷன் இப்படித்தான் என்று கேட்டவர்களே விட்டுவிடுவார்கள்.

வீட்டில் ஒரு பெரிய எஸ்யூவி கார் இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் காலத்தில் வாங்கியது. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போன பிறகு, பின்னிருக்கைகள் பெரும்பாலும் காய்கறிப் பைகளைத்தான் சுமந்தன. ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பும்போது மனைவி சொன்னாள்: "ஏங்க, ஏதோ சத்தம் வருதே."

அதுவரைக்கும் அவருக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் சொன்னது லாரி இரைச்சலில் கரைந்துவிட்டது. "என்ன சொன்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, அச்சகத்தில் நின்ற மாதிரியே கவனித்தார். அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"டயர் சத்தம்" என்றார்.

அடுத்த வாரமும் அவள் விடவில்லை. "வேகம் கூடக்கூட உறுமல் ஜாஸ்தியாகுதுங்க. மெக்கானிக்கிட்ட ஒருதடவ காட்டிடுங்களேன்."

காட்டினார். தனியாகத்தான் போனார். மெக்கானிக் அவருக்குப் பல வருடப் பழக்கம். வாய் நிறைய அண்ணே அண்ணே என்று பேசுகிறவர். வண்டியைத் தூக்கி, முன்சக்கரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் கெட்டியாத்தாண்ணே இருக்கு. ஆனா நீங்க சொல்றதப் பார்த்தா வீல் பேரிங்தான். ஆரம்பத்துல கைக்கு ஆட்டம் தெரியாது, ஓடும்போது சத்தம் மட்டும் வரும். இருங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடறேன்."

ஓட்டிப் பார்த்தால் பக்கத்தில் உட்கார வேண்டும். கேட்குதா அண்ணே என்பார். போர்மேன் அவசரமாகக் குறுக்கிட்டார்.

"அதெல்லாம் எதுக்கு தம்பி? நான் கேட்டுட்டேன். டிரைவர் பக்கம்."

"உங்க காது சொன்னா சரிதாண்ணே" என்று மெக்கானிக் சிரித்தார். டிரைவர் பக்கத்து பேரிங்கைக் கழற்றிப் புதிது போட்டார்.

வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே மனைவி மெதுவாகச் சொன்னாள், "சத்தம் போகலீங்க."

"புதுசு. பழகணும்ல" என்றார்.

சில நாள் கழித்து மைத்துனரும் அவர் மனைவியும் வந்தார்கள். பக்கத்து ஊரில் மைத்துனர் கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் பார்க்க நால்வருமாகக் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் மைத்துனர் முன்னால் எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், வண்டி கத்துதே?" என்றார். அவர் பேச்சு போர்மேனுக்குத் தெளிவாகக் கேட்கும்; அவ்வளவு பெரிய தொண்டை.

"நான் சொன்னா இவர் எங்கண்ணே கேக்கறாரு?" என்றாள் மனைவி.

போர்மேன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "புது பேரிங் போட்டாச்சு மச்சான். இனிமே மாத்தறதா இருந்தா உங்க தங்கச்சி காதைத்தான் மாத்தணும்."

பின்னிருக்கையில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச தூரத்தில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்கில் நடுக்கம். இரண்டையும் அவர் கவனித்தார். அப்போதே ஓரம் கட்டியிருக்க வேண்டும். ஆனால் சிரிப்புச் சத்தம் இன்னும் அடங்காத வண்டியில், "ஏதோ கோளாறு" என்று சொல்ல வாய் வரவில்லை. சாலை சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓட்டினார்.

பிறகு கருகல் வாடை வந்தது. மனைவியின் காலுக்கடியில் ஏதோ முறிந்த மாதிரி ஓர் அதிர்வு. வண்டி ஒருபக்கமாக இழுத்தது. பல்லைக் கடித்து ஸ்டியரிங்கைப் பிடித்து, எப்படியோ ஓரத்தில் நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால், மனைவி உட்கார்ந்த பக்கத்து முன்சக்கரம் கோணலாகச் சாய்ந்து புகைந்துகொண்டிருந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அந்த மட்டில் நல்லது.

இழுத்துப்போக வந்த வண்டிக்காரர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "பேரிங் பொடியாயிருக்கு சார். பல நாளா கத்தியிருக்குமே! யாரும் கவனிக்கலையா?"

மைத்துனர் தரையைப் பார்த்தார். மனைவிதான் பதில் சொன்னாள்: "காட்டினோம். மெக்கானிக் பக்கத்த மாத்திப் போட்டுட்டாரு."

சத்தம் போகவில்லை என்று அவள் சொல்லியும் தான் தட்டிக் கழித்ததை மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று போர்மேனுக்குப் புரிந்தது. அவள் காட்டிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

மறுநாள் பட்டறைக்கு அவளும் வந்தாள். சாதாரணமாகக் குரலை உயர்த்தாதவள், அன்று மெக்கானிக்கைப் பிடி பிடி என்று பிடித்தாள். "நாலு உசிரு உள்ள இருந்துச்சு. எந்தப் பக்கம்னு பார்க்காமலா கழட்டுவீங்க?"

மெக்கானிக் கையைப் பிசைந்தார். "என் தப்புதாம்மா. ஓட்டிப் பார்த்திருக்கணும். நான்தான் அசால்ட்டா இருந்துட்டேன்."

பேசாமல் இருந்தாலே போதும், இது இப்படியே முடிந்துவிடும் என்று போர்மேனுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே உடம்பு கூசியது.

"அவர ஏன் திட்டற?" என்றார். "ஓட்டிப் பார்க்கறேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். டிரைவர் பக்கம்னு நான்தான் சொன்னேன்."

"என் பக்கம்னு அன்னிக்கே சொன்னேனே?"

"நீ சொன்னது எனக்குக் கேக்கல. வண்டிச் சத்தமும் கேக்கல. ரொம்ப நாளாவே எதுவும் சரியாக் கேக்கறதில்ல."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். பாதி வழியில் அவள் நின்றாள். அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"எங்கம்மா தவறுன அன்னிக்கு, படுத்துக்கிட்டே உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். அது கேட்டுச்சா?"

அவருக்கு நினைவே இல்லை.

"அம்மாவ நான் நல்லாப் பார்த்துக்கிட்டேனான்னு கேட்டேன். நீங்க 'ம்ம், பார்க்கலாம்'னீங்க. அதுக்கப்புறம் உங்ககிட்ட எதையும் கேக்கறதையே விட்டுட்டேன். நான் பேசறது உங்களுக்கு ஒரு பொருட்டே இல்லன்னு நினைச்சுட்டேங்க."

"நீ நல்லாத்தான் பார்த்துக்கிட்ட. உன்ன மாதிரி யாரு பார்ப்பாங்க?" என்றார். சொன்னது உண்மை. ஆனால் பல வருடம் கழித்து வந்த உண்மை. அவள் தலையசைத்துவிட்டு முன்னால் நடந்தாள். சாயங்காலம் அவரே மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்து, "மாத்த வேண்டியது என் காதுதான் மச்சான், உங்க தங்கச்சியோடது இல்ல" என்றார். மைத்துனர் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி என்ன பதில் சொன்னார் என்பதை, தொலைபேசியை வாங்கிக் கேட்டு, மனைவிதான் எடுத்துச் சொன்னாள்.

அந்த வாரமே காது பரிசோதனைக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறை. காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் பரிசோதிக்கும் பெண். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். போர்மேன் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அவள் கதவைத் திறந்து உள்ளே வந்தாள்.

"அய்யா, நான் சத்தமே கொடுக்காதப்பவும் அழுத்தறீங்க. கேட்டா மட்டும் அழுத்துங்க. கேக்கலன்னா சும்மா இருங்க, ஒண்ணும் தப்பில்ல."

காது மடலிலிருந்து கழுத்துவரை அவருக்குச் சூடேறியது. கண்ணாடிக்கு அந்தப்புறம் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்காமல் சரி என்று தலையாட்டினார்.

கதவு மூடியது. இந்தத் தடவை பொத்தானை மடியில் வைத்துக்கொண்டு, கேட்டபோது மட்டும் அழுத்தினார்; கேட்காதபோது சும்மா உட்கார்ந்திருந்தார்.