இருபத்துமூன்றைக் காணோம்

பதினான்கு குடும்பங்கள் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த திரையை அணைத்தது நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கை தவறிவிட்டது என்று சொன்னாலும் அது முழு உண்மை ஆகாது. என் கை தவறவில்லை; அது வழக்கமாகப் போகிற இடத்துக்குத்தான் போனது.

அறுவை சிகிச்சைப் பிரிவின் காத்திருப்புக் கூடம். எதிர்ச் சுவரில் தொண்ணூற்றெட்டு அங்குலத் திரை. உள்ளே இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே மஞ்சள் பட்டை இருந்தால் அறுவை நடக்கிறது. பச்சை என்றால் முடிந்து, மயக்கம் தெளிகிற அறையில் இருக்கிறார். என் மனைவி இருபத்துமூன்று. இதயத்தில் ஒரு வால்வு மாற்றுவதற்காகக் காலை எட்டரைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது பன்னிரண்டே கால். இருபத்துமூன்று இன்னும் மஞ்சள்தான்.

அந்த மஞ்சளையே பார்த்திருந்த என் கண், பொறுக்கமாட்டாமல் திரையின் இடது மூலைக்கு நழுவியது. அங்கே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் ஏழு மாதத்துக்கு முன் அந்தத் திரையை அங்கே மாட்டியவன் நான். அதுதான் என் பிழைப்பு. துணிக்கடை, வங்கி, ரயில் நிலையம், ஒருமுறை மீன் சந்தைகூட. ஊரில் பாதிப் பேருக்குக் கழுத்து வலி என்றால் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

எழுந்தேன்.

"மாமா, எங்க கிளம்பிட்டீங்க?" என்றான் பக்கத்தில் இருந்த மைத்துனன்.

"ஒரே நிமிஷம் மாப்ளே. பின்னாடி கேபிள் லூசா இருக்கு."

"அக்கா என்ன சொல்லிட்டுப் போனா?"

என்ன சொன்னாள் என்று எனக்கும் நன்றாகவே நினைவிருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப் பையில் செருகினாள். அங்கே எப்போதும் குடியிருக்கிற ஸ்க்ரூ டிரைவரை உருவித் தம்பியிடம் கொடுத்தாள். "இவரைக் கொஞ்சம் பாத்துக்கோடா. எதையாவது நோண்டி வைப்பாரு" என்றாள். நெஞ்சைத் திறக்கப் போவது அவளுக்கு. கவலை என்னைப் பற்றி.

ஸ்க்ரூ டிரைவர் இல்லாவிட்டால் என்ன, விரல் இருக்கிறதே. திரைக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்து, படம் வருகிற கேபிளை ஓர் அழுத்து அழுத்தினேன். கோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் என் முழங்கை, பக்கத்தில் இருந்த கரண்ட் ஒயரைப் பிளக்கோடு பிடுங்கிவிட்டது.

தொண்ணூற்றெட்டு அங்குலமும் கறுத்தது.

"ஐயையோ!" என்று கூடமே ஒரே குரலில் கத்தியது. ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். "யோவ், யாருய்யா நீ? அங்க உனக்கு என்னய்யா வேலை?" என்று பின்வரிசையில் ஒருவர் எகிறினார். பிளக்கைத் தேடிச் செருகினேன். திரை விழித்தது. விழித்ததும், ஒரு பூங்கொத்து சுழல, துள்ளல் இசையோடு 'வருக! வருக!' என்றது. அது துணிக்கடைக்கு நான் போட்டுக்கொடுத்த முகப்பு. சோம்பேறித்தனத்தில் ஆஸ்பத்திரிக்கும் அதையே போட்டிருந்தேன். இங்கே யார் திரையை அணைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. கூடம் மூச்சுவிட்டது. நானும் விடப் போனேன்.

பன்னிரண்டு எண்கள்தான் இருந்தன. பத்தொன்பது இல்லை. இருபத்துமூன்று இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கூடத்தில் எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது. திரையை மாட்டிய அன்று, "சிவப்புப் பட்டை எதுக்கு வெச்சுக்கலாம் சார்?" என்று ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரியைக் கேட்டேன். "சிவப்பே வேணாம். ஜனங்க பயந்துடுவாங்க" என்றார். "அப்ப, உள்ள யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?" "நம்பரைத் திரையிலேர்ந்து எடுத்துடுவோம். சொந்தக்காரங்களை அந்தப் பக்கவாட்டு ரூமுக்குக் கூப்பிட்டுச் சொல்லுவோம்." எவ்வளவு நாகரிகமான ஏற்பாடு என்று அன்றைக்கு வீட்டில் போய் மெச்சிக்கொண்டேன். அவளும் கேட்டுத் தலையாட்டினாள்.

எண் காணாமல் போக இன்னொரு வழியும் இருந்தது. நேற்றைய நம்பர் இன்றைக்கும் தொங்குகிறது என்று அவர்கள் புகார் சொன்னதால், திரை புதிதாக விழிக்கும்போது மூன்று மணி நேரத்துக்கு மேல் மாறாமல் இருக்கிற எண்களைத் தள்ளிவிடும்படி நானே செய்துகொடுத்திருந்தேன். இருபத்துமூன்று மாறி மூன்றே முக்கால் மணி நேரம் ஆகிறது. ஆக, இது என் ஏற்பாட்டின் வேலையாக இருக்கலாம். அல்லது அவர்களுடையது. திரை கறுத்துக் கிடந்த அந்த இரண்டு நிமிடத்துக்குள் உள்ளே யாரோ ஒருவர் அவள் எண்ணை எடுத்திருக்கலாம்.

திரையில் இருந்த பன்னிரண்டு எண்களையும் மறுபடி ஒருமுறை எண்ணினேன்.

"என்ன மாமா, மூஞ்சி வெளிறிப் போச்சு? அக்கா நம்பர் எங்க?"

"மிஷின் மாப்ளே. கொஞ்சம் திக்குது. வந்துடும்."

வரவேற்பு மேசைக்குப் போனேன். கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இருபத்துமூணு எங்கம்மா?"

அந்தப் பெண் தன் கணினியைப் பார்த்தாள். "இங்கயும் அதே லிஸ்ட்தான் சார் வருது."

"உள்ள ஒரு போன் போட்டுக் கேளும்மா."

"ஆபரேஷன் நடக்கறப்ப எடுக்க மாட்டாங்க சார். நீங்க உக்காருங்க, டாக்டர் வந்து சொல்லுவாரு."

"அவ இருக்காளான்னு மட்டும் சொல்லு."

"நீங்க உக்காருங்க சார்."

கழுத்தில் அடையாள அட்டை ஆட, அந்த நிர்வாக அதிகாரியே அந்தப் பக்கம் வந்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். "அடடே நீங்களா! ஸ்க்ரீன் சூப்பரா ஓடுது." நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு பாதியில் நின்றது. "பாருங்க, எல்லாமே ஒரு ப்ராசஸ்ல போய்க்கிட்டிருக்கு. உங்களுக்குத் தெரியாததா? பாசிட்டிவா இருங்க." என் தோளைத் தட்டினார். தட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தட்டு போதுமே, மூன்றாவது எதற்கு?

திரும்பினால் ஒரு பெரிய மனிதர் வழிமறித்து நின்றார். பின்வரிசையில் எகிறியவர். லாரி ஓட்டுகிறவர் என்று காலையில் மைத்துனனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் சீட்டு. அதில் பத்தொன்பது.

"நீங்கதானே அந்த டிவியைத் தொட்டது? எங்க அண்ணன் நம்பரைக் காணோமே. அதுக்கு என்னய்யா அர்த்தம்?"

என்ன அர்த்தம் என்று அந்தக் கூடத்தில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். அவருடைய மீசை நடுங்கிக்கொண்டிருந்தது.

"மிஷின் கோளாறுங்க" என்றேன். "நான் தொட்டதால வந்தது. என் வீட்டுக்காரி நம்பரும்தான் போயிடுச்சு, பாருங்க."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உடம்பெல்லாம் தளர்ந்து சிரித்தார். "அட போங்க சார்! உங்களை ரெண்டு சாத்து சாத்தணும்னு வந்தேன். இப்பக் கும்பிடணும்போல இருக்கு."

அப்போதுதான் பக்கவாட்டுக் கதவு திறந்தது. "பத்தொன்பதாம் நம்பர் சொந்தக்காரங்க யாருங்க?"

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தீங்களா, கோளாறைச் சரிபண்ணத்தான் கூப்பிடறாங்க." உள்ளே போனார்.

நான் அந்த அறைக்குள் போயிருக்கிறேன். அன்று அங்கேயும் ஒரு திரைக்கு அளவெடுக்க டேப்பை நீட்டினேன். "இங்க எதுவும் மாட்ட வேணாம்" என்றார் அதிகாரி. நான்கு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடுவை, ஒரு பெட்டி நிறைய முகம் துடைக்கிற காகிதம். அவ்வளவுதான் அந்த அறை.

கதவு சாத்திக்கொண்டது. சத்தமே இல்லை. சத்தம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

எந்த இடத்திலும் எனக்கு ஒரு ஜோக் வரும். என் கல்யாணத்தில் வந்தது, என் அப்பா போன அன்றுகூட வந்தது. அதற்காக அடியும் வாங்கினேன். இப்போது உள்ளே கைவிட்டுத் துழாவினேன். ஒன்றுமே கிடைக்கவில்லை. சட்டைப் பையில் அவள் கண்ணாடி மட்டும் விரலில் பட்டது. கண்ணாடி இல்லாமல் அவளுக்குக் கைநீட்டும் தூரத்தில் என் முகமே மங்கல்தான். கண் விழித்தால் முதலில் இதைத்தான் தேடுவாள். விழித்தால்.

மைத்துனன் வந்து பக்கத்தில் நின்றான். அவன் எதையோ புரிந்துகொண்டிருந்தான். ஸ்க்ரூ டிரைவரை என் கையில் வைத்தான். "இந்தாங்க மாமா. நான் அக்காகிட்ட சொல்ல மாட்டேன். எதையாவது கழட்டி, எதையாவது மாட்டி, அவ நம்பரைக் கொண்டுவாங்க."

"இதால வராதுடா" என்றேன்.

நேராக அறுவைக்கூடத்தின் கதவுக்குப் போனேன். 'அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. அந்தப் பலகையையும் மாட்டியது நான்தான். தட்டினேன். மறுபடி தட்டினேன். பச்சை உடையில், முகமூடியைத் தாடைக்கு இறக்கியபடி, வயதான ஒரு நர்ஸம்மா வெளியே வந்தார்.

"இங்க நிக்கக்கூடாதுப்பா. போய் உக்காரு."

"உக்கார மாட்டேன் சிஸ்டர்." கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒருவன் இப்படிச் சொன்னால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். அவர் பயப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "அந்த ஸ்க்ரீனை மாட்டினவன் நான். நம்பர் இல்லேன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் முன்னாடி அதை அணைச்சதும் நான்தான். அதனால போச்சா, வேற எதனால போச்சான்னு தெரியாமத்தான் செத்துக்கிட்டிருக்கேன். டாக்டர் வருவாரு, ப்ராசஸ், பாசிட்டிவ், அதெல்லாம் வேணாம். இருபத்துமூணு. ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

அவர் கதவைத் தனக்குப் பின்னால் மெதுவாகச் சாத்தினார். என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். என் கண்ணை நேராகப் பார்த்தார்.

"பத்தொன்பதைப் பத்திக் கேக்காத, அது அவங்க வீட்டுக்காரங்களுக்குச் சொல்ற விஷயம். இருபத்துமூணு உயிரோட இருக்கா. புது வால்வு வெச்சாச்சு. ஓரத்துல கொஞ்சம் கசிஞ்சுது, அதைத் திரும்பத் தைக்கறாங்க. இதயம் இன்னும் ஓட ஆரம்பிக்கல, மெஷின்தான் ஓட்டுது. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். பொழைப்பாளான்னு கேட்டா, முப்பது வருஷமா இதைப் பாக்கறவ சொல்றேன், பொழைப்பா. இவ நம்பரை நாங்க யாரும் எடுக்கல. அது உன் வேலை."