காட் பார்க்கப் போன இடம்

கட்டடம் பாதி திரும்பியபடியே திரையில் உறைந்து நின்றது. அந்த வெள்ளவத்தைக் கம்பியூட்டர் கடையில் இருந்ததிலேயே வேகமான கிராபிக்ஸ் காட்டைத்தான் கடைக்காரி ஷபீகா கம்பியூட்டரில் பூட்டியிருந்தாள். மூன்று விசிறி, வானவில் வெளிச்சம். "கேம் விளையாடுற பொடியன்மார் இதுக்குத்தான் அடிபடுறாங்க மிஸ்" என்று வேறு சொல்லியிருந்தாள்.

ஐறீன் மிஸ்ஸின் கட்டட வரைகலை அலுவலகத்தில் நிஷாந்தியின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கொட்டாஞ்சேனைப் பழைய கோயில் மண்டபத்தை அளந்து முப்பரிமாணத்தில் வரைந்தவள் அவள்தான். அது அலுவலகக் கம்பியூட்டரில் நகர மறுத்தபோது, "காட் பழசு மிஸ்" என்று சொன்னவளும் அவள்தான். புதுக் காட்டிலும் நகராவிட்டால் பிழை யாருடையது?

ஐறீன் மிஸ் பதறவில்லை. அதுதான் நிஷாந்திக்கு எப்போதும் அதிசயம். மற்றவர்கள் காட் வந்த பெட்டியில் இருக்கும் இலக்கங்களைப் படிப்பார்கள். மிஸ் கட்டடத்தையே பென்டிரைவில் கொண்டுவந்து, புதுச் சப்பாத்தைப் போட்டு நடந்து பார்ப்பவரைப்போல திரையில் வாசலால் நுழைந்து, படியேறி, மாடியில் நின்று திரும்பிப் பார்த்தார். "பெட்டியில எழுதியிருக்கிறது அவங்கட கதை. எங்கட கட்டடம் என்ன சொல்லுது எண்டு பாப்பம்."

நிஷாந்தி ஒதுங்கி நின்று போனிடம் மெல்லச் சொன்னாள்: "அம்மா, மிஸ்ஸோட காட் பாக்க வந்திருக்கேன். பயமா இருக்கு." மலையகத்துப் பொகவந்தலாவையில் இருக்கும் அம்மாவுக்குக் காது மந்தம், எழுத்தாகப் போனால்தான் புரியும். போன் அதை என்னவென்று எழுதியது என்று பார்க்காமலே அனுப்பிவிட்டாள். பதில் உடனே வந்தது.

"காட்டுக்கா? பயப்படாத புள்ள. அட்ட ஏறும். கால்ல சவுக்காரம் பூசிக்க."

அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். மிஸ் எட்டிப் பார்த்தார். போன் எழுதியதில் காட், காடாகிப் போயிருந்தது. மிஸ்ஸும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அம்மா சரியாத்தான் சொல்றா. எங்கயோ ஒரு அட்டை ஒட்டிக்கொண்டு உறிஞ்சுது. வா, தேடுவம்."

மிஸ் திரையில் கட்டடத்தை ஒவ்வொரு பகுதியாக மறைத்தார். கூரை போனது, அசையவில்லை. படிகள் போயின, அசையவில்லை. காற்றும் வெளிச்சமும் வரத் துளைவிட்ட கற்களாலான மேற்குப்பக்கச் சுவரை மறைத்ததும் மண்டபம் பம்பரமாய்ச் சுழன்றது.

நிஷாந்திக்குச் சிரிப்பு வற்றியது. "அட்டை நான்தான் மிஸ். அந்தச் சுவர்ல ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாச் செஞ்சேன்."

"ஒரு கல்லைச் செஞ்சிட்டு மத்ததெல்லாம் கொப்பி அடிச்சா முடிஞ்சிது" என்றாள் ஷபீகா. "புதுக் காட்டே தேவையில்ல மிஸ். எனக்குத்தான் யாவாரம் போகுது."

மிஸ் சுவரைத் திரும்ப வரவழைத்து, நெருங்கி, இன்னும் நெருங்கிப் போனார். ஒரு கல்லின் துளை சற்றுக் கோணல். அடுத்ததில் யாரோ விரலால் சாந்து தேய்த்த பள்ளம். மூன்றாவது வரிசையில் மூலை உடைந்த ஒன்று.

"இதையும் பாத்தியா நீ?"

"இருந்ததைத்தானே மிஸ் வரையணும்."

"சின்ன வயசில பாட்டு வகுப்புக்குப் போறமெண்டு வந்து, இந்த ஓட்டையால றோட்டைப் பாத்துக்கொண்டு நிப்பம். நானும் என்ர சிநேகிதி மேபலும்." மிஸ்ஸின் விரல் திரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. "ஷபீகா, வேகம் எனக்கு வேணாம். இவ்வளவு கல்லையும் ஒண்டாத் தாங்கிற காட் இருக்கா?"

"மெமரி கூடின ஒண்டு இரிக்கி. ஆனா பாக்க ஒரு சீருமில்ல. லைட்டுமில்ல."

"பூட்டுங்க."

கறுத்த, மினுக்கமற்ற அந்தக் காட் உள்ளே போனது. மிஸ் திரையில் சூரியனைப் பிடித்து மெதுவாகக் கடலின் பக்கம் இறக்கினார். மண்டபத் தரையில் துளைகளால் புகுந்த வெயில் வட்டம் வட்டமாக விழுந்து, நீண்டு, எங்கும் தடைப்படாமல் நகர்ந்தது. சார்ஜர் வாங்க வந்த ஒருவர் காசை நீட்டியபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.