சிவப்புக் கோடு

பாஸ்கலுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அன்றைக்கு ஊராட்சி அலுவலகத்தில் அவர் பேசியது அடுத்த பெஞ்சில் இருந்தவருக்குக்கூடக் கேட்கவில்லை.

இருபத்தோரு வருஷமாக ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் இருப்பவர். வருகிற ஜூன் மாதம் ரிட்டயர்மெண்ட். அதோடு குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். தூத்துக்குடியில் இருந்த பங்கு வீட்டைத் தம்பிமார் எப்போதோ எழுதி வாங்கிவிட்டார்கள். மிச்சம் இருப்பது பட்டாபிராமைத் தாண்டி ஏரிப் பக்கமாக வாங்கிப் போட்ட ஒரு மனை. அதில் வீடு கட்ட அனுமதி கேட்டுத்தான் நாலாவது தடவையாக வந்திருக்கிறார்.

வரைபடத்தை அவரே டிரேசிங் தாளில் வரைந்திருந்தார். தொழிற்சாலையில் எப்படியோ அப்படி: குறை இருந்தால் குறையையும் காட்ட வேண்டும். போன நவம்பர் மழையில் மனைக்குள் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று இறங்கி அளந்து வைத்திருந்தார். மூன்றடி இரண்டு அங்குலம். அதைச் சிவப்பு மசியில் கோடாகப் போட்டு, அதற்கு மேலே நிற்கும்படி நாலடி பேஸ்மட்டம் காட்டியிருந்தார்.

கிளார்க் உலகநாதன் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"தண்ணி நிக்கிற எடம்னு நீங்களே வரைஞ்சிகினு வந்தா எப்டி சார் பர்மிசன் குடுக்கிறது? எனக்கு ஒரு டீகூட வாங்கித் தர வேணாம். இந்தக் கோடு இல்லாம எடுத்துகினு வாங்க. பேஸ்மட்டத்த பத்தடிகூடப் போட்டுக்கங்க, யார் கேக்கப் போறா?"

காசு கேட்டிருந்தால் பாஸ்கலுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. காரணம் நாகவல்லி.

அவர் மனையிலிருந்து இரண்டாவது வீடு நாகவல்லியுடையது. இட்லி விற்றுக் கட்டிய வீடு. தண்ணீர் தேங்காத இடம் என்று இதே அலுவலகம் முத்திரை குத்திக் கொடுக்க, அதை நம்பி ஓரடி பேஸ்மட்டத்தோடு நிறுத்திக்கொண்டவள். நவம்பரில் அவளுடைய அரிசி டிரம் வாசல் வழியாக மிதந்து தெருவுக்குப் போனது. மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்துவிட்டு, நிவாரண அரிசிக்குப் பேர் எழுதச் சொல்லி வந்தால், இதே உலகநாதன் நோட்டைப் புரட்டி, ரெக்கார்டுப்படி அந்தத் தெருவில் தண்ணீரே வராது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். நாகவல்லி சொன்னது பாஸ்கலுக்கு மறக்கவில்லை. "இந்தத் தெருவுல தண்ணி வந்துச்சின்னு ஒரே ஒரு காயிதம் அந்த ஆபீஸ்ல இருந்தா போதும்ணா. நான் அப்பால பாத்துக்குவேன்."

அந்த ஒரு காகிதத்தைத்தான் இப்போது திருத்தச் சொல்கிறார்கள்.

பாஸ்கல் சுற்றிலும் பார்த்தார். உலகநாதனுக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோ மூன்று வரிசைச் செங்கல் மேல் நின்றது. அதன் இடுப்பு வரைக்கும் துரு ஒரே மட்டமாக ஏறியிருந்தது.

"பீரோவ ஏன் சார் ஏத்தி வச்சிருக்கீங்க?"

"ரெக்கார்டு நனைஞ்சிடும்ல?"

சொன்ன பிறகுதான் உலகநாதனுக்கு உறைத்தது. மேஜை மேல் இருந்த தாள்களைத் தட்டி அடுக்க ஆரம்பித்தார்.

"அப்போ என் மனுவ நிராகரிச்சதாவே எழுதித் தாங்க. இந்தத் தெருவுல தண்ணி நிக்கும்னு காரணம் போட்டுத் தாங்க. போதும்."

அதை எழுதினால் அந்தத் தெருவுக்குக் கொடுத்த இருபத்தேழு அனுமதியும் கேள்விக்கு வரும். உலகநாதன் எழுதவில்லை. மேஜை டிராயரிலிருந்து பாதி பிளேடு ஒன்றை எடுத்து நீட்டினார். சுரண்டிவிட்டு நகல் போட்டுக் கொண்டுவந்தால் அன்றைக்கே முத்திரை என்றார்.

சுரண்டியவர் பேர், தேதி, காரணம் மூன்றையும் தாளின் மூலையில் எழுதுவதுதான் தொழிற்சாலையில் தங்கள் ஷாப்பில் முறை என்று பாஸ்கல் சொன்னார். உங்க ஷாப்பு முறையை உங்க ஷாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

வீட்டில் மனைவி ஜெயகுமாரி சண்டை போடவில்லை. காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து ஜூன் மாதத்தை அவர் முன்னால் விரித்து வைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து பாஸ்கல் பிளேடை எடுத்தார். தாள் கிழியாமல் சுரண்ட அரை மணி நேரம் ஆனது. இத்தனை வருஷத்தில் பழுதான ஒரு சாமானைக்கூட அவர் கை பாஸ் பண்ணியதில்லை; அந்தக் கைதான் சுரண்டியது. முடித்துவிட்டு, வலது மூலையில் முறைப்படி ஒரு கட்டம் போட்டு, பொடி எழுத்தில் எழுதினார்: 'திருத்தம் 1. நவம்பர் 1985 வெள்ள மட்டம், மனைக்கு மேல் 3 அடி 2 அங்குலம் என்று காட்டிய கோடு, அலுவலகம் சொன்னதன் பேரில் நீக்கப்பட்டது.' கீழே பேர், தேதி.

திங்கட்கிழமை மூன்று நகலோடு போனார். உலகநாதன் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோடு இல்லை என்று மட்டும் பார்த்தார். முத்திரைக்கு இடம் வலது மூலையில், கட்டத்தை ஒட்டித்தான் இருந்தது. மூன்றிலும் குத்தினார், உள்ளே போய்த் தலைவரிடம் கையெழுத்து வாங்கி வந்தார், ஒன்றை ஃபைலில் கட்டி அந்தச் செங்கல் பீரோவுக்குள் வைத்தார்.

பாஸ்கல் கையில் இரண்டு. ஒன்றை நேராக நாகவல்லியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மாவுக்கையைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"இன்னாண்ணா எழுதிகீது?"

அவர் படித்துக் காட்டினார்.

"முத்திர யார்து?"

"அவங்களதுதான்."

நாகவல்லி தாளை நாலாக மடித்து, கழுவிக் காய வைத்திருந்த பால் கவருக்குள் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டினாள். அடுப்பைத் தணித்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும் என்று மட்டும் கேட்டாள்.